நாற்பத்து மூன்றாவது தலை

முசஃபாவில் பஸ் ஏறும்போது எண்ணினார்கள்.
பெட்ரோல் பங்கில் இறங்கி ஏறியபோதும் எண்ணினார்கள்.
லிவா மணலில் கூடாரம் அடித்து
கோழி சுட்டுத் தின்று முடித்த பிறகு
நாற்பத்து இரண்டுதான் வந்தது.

வராத தலை என்னுடையது.

பெரிதாக ஒன்றுமில்லை.
"உங்கப்பாவுக்கு விசா கேன்சலாமே" என்று
ஹேமநாதன் எல்லோர் முன்னாலும் கேட்டான்.
பதினைந்து வயதில் அதற்கு
இரண்டு மணல்மேடு தாண்டி உட்காரத் தோன்றும்.
உட்கார்ந்தேன்.

பாலையில் ராத்திரி எல்லாம் கேட்கும்.

முதலில் விசில். பி.டி. தர்மசீலன் சார்.
கோபத்துக்கும் பயத்துக்கும்
அவரிடம் இருந்தது ஒரே விசில்.
"லைன்ல நில்லு! ஒருத்தன் அசையக் கூடாது!"
காணாமல் போனவனுக்காக
காணாமல் போகாதவர்களை
நிறுத்தி வைத்திருந்தார் வெகுநேரம்.

வைஸ் பிரின்சிபல் மேடம்
சிக்னல் தேடி மேட்டுக்கு மேடு ஏறினார்.
"சார்… இல்ல சார்… நீங்க சொல்லுங்க சார்…"
காற்று அதை மட்டும் கொண்டுவந்து போட்டது.

ரஹ்மத்துன்னிசா மிஸ் வரிசையைக் கலைத்து
எல்லோரையும் மணலில் உட்காரவைத்தார்.
என்ன நடந்தது, யார் என்ன நினைக்கிறீர்கள்,
எந்தப் பக்கம் போயிருப்பான்.
நாற்பத்து இரண்டு பேருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.
மிஸ் அத்தனையும் கேட்டார்.
அவர் கேட்டு முடிப்பதற்குள்
எனக்குக் குளிரில் பல் அடித்தது.

ஆனால் நடுவில் ஓர் அழுகை கேட்டது.
ஹேமநாதன்.
விசிலுக்கு அவன் அழவில்லை.

அப்போதுதான் இறங்கிப் போக நினைத்தேன்.
எழுந்து பார்த்தால்
எல்லா மேடும் ஒரே மேடு.
வந்த கால்தடத்தைக் காற்று தின்றுவிட்டிருந்தது.
சத்தம் நான்கு பக்கமும் இருந்தது,
பக்கம் மட்டும் இல்லை.

தூரத்தில் ஒரு வெளிச்சம் எரிந்தது. அணைந்தது.
எரிந்தது. அணைந்தது.

ரோட்டோரம் பஸ்.
டிரைவர் குல்சாதா, பெஷாவர்க்காரர்.
அந்த ராத்திரி அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
நான் போய் நின்றபோது
ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
"பாட்டரி வீக்" என்றார்.

பிறகு தர்மசீலன் சார் ஓடிவந்து அறைந்தார்.
அறைந்த கையை எடுக்க மறந்து
என் தலைமேலேயே வைத்திருந்தார்.
"நாப்பத்தி மூணு" என்றார்.
குரல் விசில் மாதிரி இல்லை.

இருபத்தொரு வருஷம்.
அப்பாவுக்கு வேறு விசா கிடைத்தது,
எனக்கும் ஒன்று.
வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில்
அதே முசஃபாவில் பதினோரு பையன்களுக்கு
வாலிபால் சொல்லித் தருகிறேன். சம்பளம் கிடையாது.

நேற்று தோற்றோம்.
கடைசி சர்வை வலையில் அடித்த நிஷாத்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனவன் வரவில்லை.
என்ன செய்வதென்று யோசிப்பதற்குள்
என் வாயில் விசில் இருந்தது.
ஊதியும் விட்டேன்.
பத்துப் பேர் நிமிர்ந்து நின்றார்கள்.
இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று
என்னால் சொல்ல முடியாது.

அவர்களை ஷவர்மா வாங்கிக்கொள்ள அனுப்பிவிட்டு
காரில் ஏறி உட்கார்ந்தேன்.
ஹெட்லைட்டைப் போட்டேன். அணைத்தேன்.
போட்டேன்.
பைத்தியக்காரத்தனம்.
பார்க்கிங் முழுக்க விளக்கு, கடை முழுக்க விளக்கு,
தெருவில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு விளக்கு.
இதில் என் வெளிச்சம் எது என்று
அவனுக்கு எப்படித் தெரியும்?

செக்யூரிட்டி வந்து கண்ணாடியைத் தட்டினான்.
"என்ன சார், பாட்டரி ப்ராப்ளமா?"

"ஆமா, கொஞ்சம் வீக்" என்றேன்,
தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அணைத்தேன்.
போட்டேன்.